செல்வராகவனின் சிறந்த படம் எது? முடியாத விவாதமும் எங்கள் தரப்பும்

இயக்குநர் செல்வராகவனின் சிறந்த படம் எது என்று நான்கு ரசிகர்களிடம் கேட்டால் நான்கு பதில்கள் வரும். மோசமான படம் எது என்று கேட்டாலும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், ஒருவர் சிறந்தது என்று சொன்ன படத்தையே அடுத்தவர் மோசமானது என்பார். 'ஆயிரத்தில் ஒருவன்' வெளியாகிப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இது சினிமா பற்றிய சண்டை. எங்களில் பலருக்கு அது அதோடு நிற்பதில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், யார் இந்த இயக்குநர், எந்தெந்தப் படங்களைப் பற்றி என்னென்ன வாதங்கள் இருக்கின்றன என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

யார் இவர்?

இயக்குநர் கஸ்தூரிராஜாவின் மூத்த மகன், நடிகர் தனுஷின் அண்ணன், பொறியியல் படித்தவர். 2002 இல் வந்த 'துள்ளுவதோ இளமை' படத்தின் கதை இவருடையது. இயக்குநராகத் திரையில் வந்தது தந்தையின் பெயர். அந்தப் படத்தில்தான் தனுஷ் அறிமுகமானார். 2003 இல் 'காதல் கொண்டேன்' செல்வராகவனின் பெயரில் வந்தது. 2004 இல் '7ஜி ரெயின்போ காலனி', 2006 இல் 'புதுப்பேட்டை', 2010 இல் 'ஆயிரத்தில் ஒருவன்', 2011 இல் 'மயக்கம் என்ன', 2013 இல் 'இரண்டாம் உலகம்', 2019 இல் 'என்ஜிகே', 2021 இல் 'நெஞ்சம் மறப்பதில்லை', 2022 இல் 'நானே வருவேன்'. இடையில் 2007 இல் தெலுங்கில் வெங்கடேஷ், த்ரிஷா நடித்த ஒரு படம். அதுதான் மறுவருடம் வேறொரு இயக்குநரின் கையில் 'யாரடி நீ மோகினி' ஆனது. அண்மைக் காலத்தில் 'சாணிக் காயிதம்', 'ராயன்' போன்ற படங்களில் நடிகராகவும் பார்த்திருப்பீர்கள்.

வெளியான நேரத்தில் தடுமாறி, பிறகு ஒரு கூட்டத்தின் விடாப்பிடியான அன்பினால் உயிர் வாழும் படங்களைக் 'கல்ட்' படங்கள் என்பார்கள். அப்படிப்பட்ட படங்கள் தமிழில் ஒருவருக்கு ஒன்று வாய்த்தாலே பெரிய விடயம். இவருக்கு 'புதுப்பேட்டை', 'ஆயிரத்தில் ஒருவன்' என்று இரண்டு இருக்கின்றன. 'மயக்கம் என்ன' மூன்றாவது என்று வாதிடுபவர்களும் உண்டு.

முதல் கட்சி: பழைய கூட்டணிதான் உச்சம்

ஒரு சாரார் 2003 முதல் 2006 வரையான மூன்று படங்களோடு கணக்கை முடித்துவிடுவார்கள். இசை யுவன் சங்கர் ராஜா, பாடல்கள் நா. முத்துக்குமார், ஒளிப்பதிவு அரவிந்த் கிருஷ்ணா. இந்தக் கூட்டணி இருந்த வரையில்தான் செல்வராகவன் செல்வராகவனாக இருந்தார் என்பது இவர்களின் வாதம். 2016 இல் நா. முத்துக்குமார் காலமானபோது இந்த வாதம் ஓர் இரங்கலாகவும் மாறிப்போனது.

'7ஜி ரெயின்போ காலனி'யில் காதல் காட்சிகளைவிட அதிகம் பேசப்படுவது ஒரு தகப்பன் காட்சி. உருப்படாதவன் என்று பகல் முழுக்கத் திட்டும் தகப்பன், மகனுக்கு வேலை கிடைத்த அன்று இரவு, அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து மனைவியிடம் மனம் திறப்பார். மகன் விழித்திருந்து கேட்டுக்கொண்டிருப்பான். நேருக்கு நேர் அன்பைச் சொல்லத் தெரியாத தகப்பன்மார் எங்கள் வீடுகளிலும் குறைவில்லை. அந்தக் காட்சிக்கு எந்த ஊரிலும் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தப் படங்கள் எங்களுக்கு வந்து சேர்ந்த காலமும் முக்கியம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது; ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அந்தச் சில வருட இடைவெளியில்தான் 'காதல் கொண்டேன்', '7ஜி' பாடல்கள் மினிபஸ்களிலும் சீடிக் கடைகளிலும் ஒலித்தன. 'புதுப்பேட்டை' 2006 மே மாதம் வெளியானது. ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. என் வயதுக்காரர் பலருக்கு முதல் இரண்டு படங்களின் பாடல்கள் சமாதான காலத்தின் சத்தம். அவற்றுக்கு நாங்கள் கொடுக்கும் புள்ளியில் அந்த வருடங்களின் விலையும் சேர்ந்திருக்கிறது.

'புதுப்பேட்டை': பயத்தின் கதை

தாயைக் கொன்ற தகப்பனிடமிருந்து தப்பி ஓடும் ஒரு பள்ளிக்கூடப் பையன், பசியால் பிச்சையெடுத்து, தற்செயலாகச் சிறைக்குப் போய், ரௌடிக் கூட்டமொன்றில் சேர்ந்து, கொக்கி குமார் ஆகி, கடைசியில் அரசியலுக்குள் நுழைகிறான். வசனம் எழுத்தாளர் பாலகுமாரன். பின்னணி இசைக்குத் தாய்லாந்தின் சௌ பிரயா சிம்பொனி இசைக்குழு பயன்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் பெரிய நடிகரான விஜய் சேதுபதி இதில் கூட்டத்தில் ஒருவராக வந்துபோவார்.

இது சிறந்த படம் என்பவர்களின் வாதம் உறுதியானது. தமிழ் சினிமாவில் ரௌடி என்றால் வீரன். இங்கே ரௌடி என்றால் பயந்தவன். முதல் அடியைக் குமார் கொடுப்பதே, அடிபட்டுச் செத்துவிடுவோம் என்ற பயத்தில்தான். அதிகாரம் கூடக்கூடப் பயமும் கூடுகிறது. யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சினிமாவைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை எவ்வளவு என்பது வேறு கதை. ஆனால் கத்தி தூக்கியவனின் தனிமையை 'புதுப்பேட்டை' அளவுக்குக் காட்டிய தமிழ்ப் படங்கள் மிகக் குறைவு. கொக்கி குமாரின் வசனங்களை முகநூலில் பகிர்பவர்கள் அந்தத் தனிமையை வெட்டிவிட்டு வீராப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இது படத்தின் தவறா, பார்ப்பவர் தவறா என்பது ரசிகர்களுக்குள் நடக்கும் துணை விவாதம்.

எதிர்க் கட்சி இரண்டு விடயங்களைச் சொல்லும். ஒன்று, இரண்டாம் பாதியில் கதை அவசரப்பட்டு ஓடுகிறது. மற்றது கனமானது. நண்பனின் தங்கையின் திருமணத்துக்குப் போன குமார், மணமேடையில் அவளுக்குத் தானே தாலி கட்டிவிடுகிறான். அவளுடைய வாழ்க்கை அந்த நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. படம் அவனுடைய சிக்கலைத் தொடர்கிற அளவுக்கு அவளுடைய சிக்கலைத் தொடர்வதில்லை.

தோல்விப் படங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும்

மோசமானது எது என்ற கேள்விக்கு அதிகம் வரும் பதில்கள் 'இரண்டாம் உலகம்', 'என்ஜிகே', 'நானே வருவேன்'.

'இரண்டாம் உலகம்' ஆர்யா, அனுஷ்காவை வைத்து இரு வேறு உலகங்களில் நடக்கும் ஒரு காதல் கதை. கற்பனைக் கிரகத்துக்காக ஜோர்ஜியா நாடு வரை போய்ப் படமாக்கினார்கள். பாடல்கள் ஹரிஸ் ஜெயராஜ், பின்னணி இசை அனிருத். எண்ணம் பெரிது, திரையில் வந்தது சிறிது என்பதுதான் பொதுவான தீர்ப்பு. அந்த உலகத்தின் சட்டதிட்டங்கள் என்ன, மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதைப் படம் சரியாகக் கட்டவில்லை. அதனால் அங்கே யார் செத்தாலும் எங்களுக்கு வலிக்கவில்லை.

'என்ஜிகே'க்கு வழக்கறிஞர்கள் அதிகம். சூர்யாவின் முகபாவங்கள், நிறங்கள், காட்சிகளுக்கு இடையிலான இடைவெளிகள் என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பொருள் சொல்லும் யூரியூப் காணொளிகள் ஏராளம். விளக்கம் கேட்ட பிறகு படம் பிடித்துப்போனவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு படத்தில் ஒளிந்திருக்கும் பொருள் இரண்டாவது தடவை பார்க்கும்போது துலங்கலாம். முதல் தடவை பார்ப்பதற்கே விளக்கவுரை வேண்டுமென்றால், அது ஆழமல்ல.

'நானே வருவேன்' 2022 செப்ரெம்பர் 29 அன்று வந்தது. அடுத்த நாளே 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தது. அந்த வாரம் ரசிகர்கள் 'நானே வருவேன்' பற்றிப் பேசியதைவிட, சோழர்களைக் காட்டியது மணிரத்னமா செல்வராகவனா என்று சண்டை போட்டதே அதிகம். பேச்சு மறுபடியும் 2010 க்குத் திரும்பியது.

'ஆயிரத்தில் ஒருவன்': விவாதத்தின் நடு

1965 இல் வந்த எம்.ஜி.ஆர். படத்தின் பெயரைத் தாங்கி, 2010 ஜனவரி 14, தைப்பொங்கல் அன்று இந்தப் படம் வெளியானது. கதை 1279 இல், சோழப் பேரரசு பாண்டியர்களிடம் வீழும் காலத்தில் தொடங்குகிறது. சோழ இளவரசனும் அவனோடு ஒரு மக்கள் கூட்டமும் கடல் கடந்து வியட்நாம் பக்கத் தீவொன்றுக்குத் தப்பிப் போகிறார்கள். நூற்றாண்டுகள் கழித்து, காணாமல்போன தொல்லியலாளர் ஒருவரைத் தேடி ஒரு குழு புறப்படுகிறது. ரீமா சென், ஆண்ட்ரியா, கூலியாளாக வரும் கார்த்தி. முதல் பாதி சாகசப் பயணம். இரண்டாம் பாதியில் அவர்கள் இன்னும் உயிரோடிருக்கும் சோழர்களைச் சந்திக்கிறார்கள். அரசன் பார்த்திபன்.

அந்தச் சோழர்கள் பேரரசர்கள் அல்லர். பட்டினி கிடக்கும், உடல் கறுத்து மெலிந்த, ஒளிந்து வாழும் ஒரு சனம். தஞ்சையிலிருந்து ஒரு தூதர் வருவார், தங்களை ஊருக்கு அழைத்துப்போவார் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். தூதராக வந்தவள் பாண்டிய வம்சத்தவள். அவளுக்குப் பின்னால் நவீன ஆயுதங்களோடு படை வருகிறது. வாளும் அம்பும் துப்பாக்கிகளுக்கு முன் நிற்க முடியாமல் வீழ்கின்றன. கட்டப்பட்ட ஆண்கள், இழுத்துச் செல்லப்படும் பெண்கள், அவமானப்படுத்தப்படும் அரசன். ஒரே ஒரு குழந்தை மட்டும் தப்பவைக்கப்படுகிறது.

வெளியான நேரத்தில் இந்த இரண்டாம் பாதியைத்தான் தமிழ்நாட்டின் பல பார்வையாளர்கள் ஏற்கவில்லை. பழந்தமிழ் உரையாடல் விளங்கவில்லை, வன்முறை அதிகம், வரைகலைக் காட்சிகள் சுமார், முதல் பாதியின் விறுவிறுப்பு போய்விட்டது என்றார்கள். தெலுங்கில் 'யுகானிக்கி ஒக்கடு' என்ற பெயரில் வந்தபோது வரவேற்பு இதைவிட நன்றாக இருந்தது. காலப்போக்கில் தமிழ் ரசிகர்களின் பேச்சும் மாறியது. 2021 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோது அதைக் கொண்டாடியவர்களில் பலர் முதல் வெளியீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள்.

எங்களுக்கு அந்த இரண்டாம் பாதி முதல் நாளே விளங்கிவிட்டது.

எட்டு மாதங்கள்

போர் முடிந்தது 2009 மே. படம் வந்தது 2010 ஜனவரி. நடுவில் எட்டு மாதங்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலும் பிற முகாம்களிலும் அடைக்கப்பட்டிருந்த ஏறக்குறைய 3 இலட்சம் பேரில் பெருந்தொகையானோர் அப்போதும் சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கவில்லை. யார் உயிரோடிருக்கிறார்கள், யார் சரணடைந்தார்கள், யாரைக் கொண்டுபோனார்கள் என்பது வீடு வீடாக விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம்.

அந்த நேரத்தில் சீடிக் கடையில் வாங்கிய தட்டொன்றில் நாங்கள் இந்தப் படத்தைப் பார்த்தோம். சோழர் கொடி புலிக்கொடி என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை. கடைசி அரை மணித்தியாலம் தொடங்கியபோது எங்களோடு இருந்து பார்த்த மாமி எழும்பிக் குசினிக்குள் போனார். எதுவும் சொல்லவில்லை. படம் முடிந்த பிறகும் அதைப் பற்றி எவரும் கதைக்கவில்லை.

2011 ஜூனில் சனல் 4 தொலைக்காட்சியின் ஆவணப்படம் வந்த பிறகு, 'ஆயிரத்தில் ஒருவன்' இறுதிக் காட்சிகளை வெறும் கற்பனையாகப் பார்ப்பது இன்னும் கடினமானது. படம் மாறவில்லை, பார்க்கும் கண் மாறியது.

இங்கே ரசிகர்களுக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது: இயக்குநர் எங்களைப் பற்றித்தான் எடுத்தாரா? மறுப்பவர்கள் காலக்கணக்கைக் காட்டுவார்கள். படப்பிடிப்பு தொடங்கியது 2007 இல். முள்ளிவாய்க்கால் அப்போது நடக்கவில்லை. ஆமென்பவர்கள், ஈழப் போர் 2009 இல் தொடங்கவில்லை என்று பதில் சொல்வார்கள். 1983 முதல் தமிழ்நாட்டின் கரையில் அகதிகள் வந்திறங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. இடம்பெயர்ந்த பட்டினிச் சனத்தின் உருவம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சோழர்களின் பேச்சு தங்கள் காதுக்கு ஈழத்தமிழ் போலக் கேட்கிறது என்பவர்களும் உண்டு.

என் பார்வையில், நோக்கம் என்னவாக இருந்தாலும் படத்தின் பொருள் அதனால் கூடவோ குறையவோ போவதில்லை. ஒரு படைப்பு எந்தக் காலத்துக்குள் வந்து விழுகிறதோ அந்தக் காலமும் அதை எழுதிவிடுகிறது.

நாங்கள் பார்க்க மறுப்பவை

ஆனால் அது எங்கள் படம் என்று சொந்தம் கொண்டாடும்போது, வசதியாக மறந்துவிடும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்தச் சோழர்கள் அப்பாவிகளாக மட்டும் காட்டப்படவில்லை. மனிதர்களைக் களத்தில் இறக்கிக் கொல்வதைக் கூட்டமாகப் பார்த்து ஆர்ப்பரிக்கிறார்கள். அரசன் தன் மக்களின் பசியை உணர்கிறவன், அதேநேரம் கொடூரமானவன். பாதிக்கப்பட்ட இனம் தன்னளவில் தூய்மையானது என்று படம் சொல்லவில்லை. தூய்மையாக இல்லாவிட்டாலும் அவர்களுக்கு நடந்தது அநீதி என்கிறது. எங்கள் பொதுவெளியில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்ல இன்னும் தயக்கம் இருக்கிறது. படத்தைக் கொண்டாடும் பதிவுகளில் வீரமும் துரோகமும் இருக்கின்றன. அந்தக் களம் இல்லை.

'பொன்னியின் செல்வன்' வந்தபோது எழுந்த பெருமிதத்துக்கும் இதே குறை உண்டு. இலங்கையில் சோழர் வரலாறு இரண்டு பள்ளிக்கூடங்களில் இரண்டு விதமாகக் கேட்கிறது. 993 அளவில் அநுராதபுரத்தை வீழ்த்திப் பொலன்னறுவையைத் தலைநகராக்கிய படை, ஒரு பிள்ளைக்குப் பெருமை, இன்னொரு பிள்ளைக்குப் படையெடுப்பு. பேரரசின் வெற்றியைப் பாடும் படத்தைவிட, அதன் கடைசிச் சனத்தின் பசியைக் காட்டிய படம் எங்களுக்கு நெருக்கமாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, பெண்கள். இறுதியில் சோழப் பெண்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறையைக் கமெரா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. உண்மையைத்தானே காட்டினார் என்பது ஆதரவாளர்களின் பதில். உண்மை நடந்த வீடுகளில் அந்தக் காட்சி எப்படிப் பார்க்கப்படும் என்பது அந்தப் பதிலுக்குள் இல்லை. மாமி குசினிக்குள் போனதை நான் அன்று கவனித்தேன். விளங்கிக்கொண்டது வருடங்கள் கழித்துத்தான்.

இது ஒரு படத்தின் பிரச்சினையும் அல்ல. 'காதல் கொண்டே'னில் காதலிக்காத பெண்ணைக் காட்டுக்குள் கடத்திக்கொண்டு போகிறான் நாயகன். அவனுடைய சிறுவயதுக் கொடுமைகள் எங்கள் இரக்கத்தை அவன் பக்கம் திருப்புகின்றன. 'மயக்கம் என்ன'வில் கணவன் தள்ளியதால் கருச்சிதைவுக்கு உள்ளான மனைவி தன் இரத்தத்தைத் தானே தரையில் துடைக்கிறாள். தமிழ் சினிமாவின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று என்று சிலரும், தாங்கவே முடியாத காட்சி என்று சிலரும் அதைச் சொல்வார்கள். இரண்டும் சரி. அவளுடைய மௌனத்தைப் படம் மதிக்கிறது, ஆனால் கடைசியில் மேடையும் விருதும் அவனுக்கு, அவளுக்கு நன்றியுரை. உடைந்த ஆண்களைப் புரிந்துகொள்வதில் செல்வராகவனுக்கு இருக்கும் திறமை, அவர்களால் உடைக்கப்பட்ட பெண்களிடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அப்படியென்றால் தீர்ப்பு?

முழுமையான படம் எது என்று கேட்டால் நான் 'புதுப்பேட்டை'யைச் சொல்வேன். புதிதாகப் பார்ப்பவர்கள் '7ஜி'யில் தொடங்கலாம். மோசமான படம் 'இரண்டாம் உலகம்'. ஆனால் மோசமான காட்சி அந்தப் படத்தில் இல்லை, நான் அதிகம் நேசிக்கும் படத்தின் இறுதியில் இருக்கிறது.

குறைகள் இருந்தும் 'ஆயிரத்தில் ஒருவ'னைக் கைவிட முடியாததற்குக் காரணம் அந்தத் தூதர். தலைமுறைகளாகக் காத்திருந்த சனம், வந்தவள் யார் என்று விசாரிக்கவும் தெம்பில்லாமல் அவளை நம்புகிறது. நாங்கள் சென்னையைப் பார்த்தோம், டில்லியைப் பார்த்தோம், 2012 முதல் ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் ஜெனீவாவைப் பார்த்தோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருந்த தாய்மார், பிள்ளைகள் எங்கே என்ற ஒரே கேள்விக்கு இன்னும் பதிலைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பதில் கேட்காமலேயே இறந்துபோனார்கள்.

2021 புத்தாண்டு அன்று 'ஆயிரத்தில் ஒருவன்' இரண்டாம் பாகம் தனுஷ் நடிப்பில் 2024 இல் வரும் என்று அறிவித்தார்கள். இளவரசன் திரும்பி வருவான் என்பதே அறிவிப்பின் சாரம். 2024 கடந்துபோனது, படம் வரவில்லை. ரசிகர்கள் இன்னும் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வந்தால் பார்ப்பேன். தப்பிய அந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தான், என்ன நினைவோடு வளர்ந்தான் என்பதை அறிய எனக்கும் ஆசை. இந்த முறை மாமி எழும்பிப் போகத் தேவையில்லாத விதமாக அதைச் சொன்னால் இன்னும் நல்லது.